பில் இல்லாத அண்ணாவியார்

இலங்கையின் கிழக்கில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊரில் 2023ஆம் ஆண்டு ஒரே வடமோடிக் கூத்து (ஈழத்து நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்று) இரண்டு முறை ஆடப்பட்டது. முதல் முறை ஆனி மாதம், கோயில் வீதியில் வட்டக்களரி (சுற்றிவர இருந்து பார்க்கிற வட்டமான ஆடுகளம்) போட்டு, இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து மணி வரை. இரண்டாம் முறை மார்கழியில், திருகோணமலை நகரத்து மண்டபம் ஒன்றில், 45 நிமிடம். முதலாவதற்கு அரசாங்கம் ஒரு சதமும் தரவில்லை. இரண்டாவதற்கு 50,000 ரூபா தந்தது. மத்தளம் அதே மத்தளம். ஆட்களும் அநேகமாக அதே ஆட்கள்.

கலைக்கும் இலக்கியத்துக்கும் வரலாறு, மொழி மாதிரியான படிப்புகளுக்கும் அரசாங்கம் காசு செலவழிக்க வேண்டுமா என்று பட்டிமன்றங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அந்தக் கேள்வி இந்த இரண்டு ஆட்டங்களின் கணக்குக் கொப்பியில்தான் ஒழுங்காகப் புரிந்தது. அந்தக் கொப்பி என் கையில் இருந்தது, ஏனென்றால் கூத்துக் குழுவின் செயலாளர் நான். அரச பாடசாலையில் ‘நாடகமும் அரங்கியலும்’ படிப்பிக்கிறேன். அதாவது மாதா மாதம் கலைக்காக அரசாங்கத்திடம் சம்பளம் வாங்குகிற ஆள். நடுநிலைக்காரன் என்று சொல்ல வரவில்லை.

கூத்துக் கொப்பி தப்பிய கதை

கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற ஆசானை அண்ணாவியார் என்போம். எங்கள் அண்ணாவியாருக்கு அப்போது 74 வயது. இந்தக் கூத்தை அவருடைய மாமன் ஏட்டிலிருந்து கொப்பிக்கு எழுதியிருந்தார். 2006இல் போரால் மூதூர் கிழக்கு முழுக்க இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பெட்டி, கிரீடங்கள், இரண்டு மத்தளம், சல்லாரி எல்லாம் வீட்டோடு போயின. அண்ணாவியாரின் மனைவி ஒரே ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அதற்குள் குடும்ப அட்டை, காணி உறுதி, கூத்துக் கொப்பி. கிளிவெட்டி முகாமில் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்த ஒரு மழையில் கொப்பியின் நடுப்பக்கங்கள் ஊறிப்போயின. மிச்சம் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் பல வருடம் கூத்து ஆடப்படவில்லை. வீடு கட்ட வேண்டும், வயல் திருத்த வேண்டும், கிணறு இறைக்க வேண்டும். கூத்து யாருடைய பட்டியலிலும் முதலாவதாக இருக்கவில்லை, இருக்கவும் தேவையில்லை. 2023 தை மாதம் கோயிலடியில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் பேச்சு வந்தது. அண்ணாவியார் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “எனக்குப் பாட்டு நினைவு இருக்கும் வரைக்கும்தான் தம்பி.” ஊறிப்போன பக்கங்களை அவர் வாயால் சொல்லச் சொல்ல, என்னிடம் உயர்தரம் படித்த ஒரு பிள்ளை எழுதினாள். ஆறு பின்னேரம் எடுத்தது. சில விருத்தங்களில் ஒரு வரி வராமல் நிற்பார், எழுந்து கால் தாளம் போட்டதும் வரும். வாய்க்கு மறந்தது காலுக்கு நினைவிருந்தது.

கூத்துக்கு ஒரு வேலை ஒழுங்கு உண்டு. யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்து சட்டம் கொடுப்பார்கள். பிறகு பழக்கம். இடையில் கிழமைக்கூத்து (கிழமைக்கு ஒரு தரம் ஆடிப் பார்ப்பது), சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை) எல்லாம் உண்டு, அதற்கும் பிறகுதான் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். பெரும்போக வெட்டு முடிந்து கையில் நெல்லும் காசும் இருக்கிற பங்குனியில் தொடங்கி, மழை இல்லாத மாதங்களில் முடிகிறபடி இதை யாரோ ஒரு காலத்தில் கணக்குப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். பங்குனி முதல் ஆனி வரை எங்களுக்கு 36 இரவுகள் பழக்கம். கூத்து என்பது உண்மையில் இந்த 36 இரவுகள்தான். அரங்கேற்றம் அதன் கடைசி இரவு.

கணக்கு

ஆனி மாத ஆட்டத்துக்கு மொத்தச் செலவு 285,000 ரூபா. பந்தலும் ஒலி ஒளியும் 70,000. உடுப்பு எங்களிடம் இல்லாததால் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்தது 65,000. அண்ணாவியாருக்குச் சம்பாவனை 60,000. நான்கு மாதப் பழக்கத்துக்குத் தேநீர், சாப்பாடு, வெளிச்சம் 48,000. போக்குவரத்து 18,000, ஒப்பனை 15,000, மத்தளத்துக்குத் தோல் மாற்றியது 9,000.

அண்ணாவியாரின் 60,000ஐ 36 இரவுகளால் பிரித்தால் ஓர் இரவுக்கு 1,700 ரூபாகூட வராது. அந்த மாதங்களில் மேசனுக்குப் பக்கத்தில் சாந்து குழைக்கிற பையனுக்கு அதைவிட அதிக நாட்கூலி. அவர் கொப்பியைப் பார்த்துப் பாடி, மத்தளம் அடித்து, ஒவ்வொருவருடைய காலையும் பிடித்துத் திருத்தி, நள்ளிரவு தாண்டி வீட்டுக்குப் போவார்.

காசு எங்கிருந்து வந்தது? வேடம் கட்டியவர்கள் 16 பேரின் குடும்பங்களும் ஆளுக்கு 5,000 போட்டன, 80,000. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் 100,000. கோயில் 40,000. மிச்சம் 65,000 கடை கடையாகவும் வீடு வீடாகவும். மூதூர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா ஐந்து கிலோ சீனி தந்தார். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அரசாங்கத்தின் பக்கம் வருவோம். விண்ணப்பத்தை மாசியிலேயே கொடுத்தோம். ஒதுக்கீடு வந்திருக்கிறது என்ற கடிதம் புரட்டாதியில் வந்தது, ஆட்டம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகு. அரசாங்கத்தின் வருடம் தையில் தொடங்கி மார்கழி 31இல் முடிகிறது. காசு கீழே இறங்கி வர ஆறேழு மாதம் ஆகிறது. திரும்பிப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் வருட முடிவுக்குள் செலவழிக்க வேண்டும். கிழக்கில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்றால் வாடைக்காற்று, அடைமழை, வயல் விதைப்பு. நாட்டுக்கூத்துக்கு ஆகவே ஆகாத மூன்று மாதங்கள் அரசாங்கத்தின் கலை மாதங்களாக இருப்பது இதனால்தான். யாரும் திட்டமிட்டுச் செய்த கெடுதல் இல்லை இது. நிதியாண்டுக்கு நெல் தெரியாது, அவ்வளவுதான்.

கடிதத்தோடு நிபந்தனைகள் வந்தன. மூன்று விலைமனு வேண்டும். ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். படங்களோடு அறிக்கை வேண்டும். நான் அலுவலகத்துக்குப் போய், காசை அண்ணாவியாருக்கும் பழக்கச் செலவுக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் ஓர் இளம் பெண், கெட்டவர் இல்லை. “சேர், நான் படிச்சதும் நாடகம்தான். எனக்கு விளங்குது. ஆனா அண்ணாவியாரிட்ட பில் இருக்கா? கணக்காய்வு வந்தா நான்தானே பதில் சொல்லோணும்.”

அண்ணாவியாரிடம் பில் இல்லை. ஒலிபெருக்கிக்காரரிடம் இருந்தது. பதாகை அடிப்பவரிடம் இருந்தது. நினைவுச் சின்னம் விற்பவரிடம் அச்சடித்த பில் புத்தகமே இருந்தது. ஆகவே 50,000 இப்படிப் போனது: ஒலி ஒளி 18,000, சிற்றுண்டி 9,000, மேடை அலங்காரம் 8,000, நினைவுச் சின்னங்கள் 7,500, போக்குவரத்து 4,000, பதாகை 3,500. அண்ணாவியாருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு கண்ணாடிச் சின்னமும் கிடைத்தன. சின்னத்தில் அவருடைய பெயரில் ஓர் எழுத்து பிழை.

விவசாயிகள் அமைப்புத் தலைவர் கேட்டது

இந்தக் கதையை ஊரில் சொன்னபோது விவசாயிகள் அமைப்பின் தலைவர் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “குளத்து வான்கட்டு வெடிச்சுக் கிடக்கு. உரம் வாங்கக் காசில்லை. இதுக்குள்ள கூத்துக்கு ஏன் மாஸ்டர் அரசாங்கக் காசு?”

இதைச் சும்மா தட்டிவிட முடியாது. 2022இல் இந்த நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மருந்துக்கு வரிசை. பெறுமதி சேர் வரி 2022 நடுப்பகுதியில் 8 வீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2024 தையில் 18 வீதம் ஆனது. நம் நாட்டில் வரி என்றால் பெரும்பாலும் சாமான் வாங்கும்போது கட்டுகிற வரிதான். சவர்க்காரம் வாங்குகிற கூலிக்காரப் பெண்ணும் கட்டுகிறாள். அவளிடம் வாங்கி நகரத்து மண்டபத்தில் பூச்சட்டி வைத்தால், தலைவர் சொல்வதுதான் சரி. கொழும்பில் 1,288 இருக்கைகளோடு 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கும் யாழ்ப்பாணத்தில் 2023இல் கையளிக்கப்பட்ட கலாசார நிலையமும் வெளிநாட்டு நன்கொடையில் எழுந்தவை, ஒன்று சீனம், மற்றது இந்தியா. கட்டடம் என்றால் நன்கொடைகூடக் கிடைக்கும். உள்ளே ஆடுகிறவனைப் பழக்க எந்த நாடும் கப்பல் அனுப்பாது.

தலைவருடைய வாதத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது, அதுதான் கூர்மையானது. அவருடைய மகன் எங்கள் கூத்தில் கிருஷ்ணன். அவரும் 5,000 போட்டவர், ஆனியில் விடியும் வரை இருந்து பார்த்தவர். “நாங்க விரும்பிக் குடுத்தம், நல்லா நடந்துது. அவங்க குடுத்தாங்க, கெட்டுப்போச்சு. பிறகு என்னத்துக்கு?” ஊர்க்காசில் கூத்து வாழ்ந்தது, அரசாங்கக் காசில் நினைவுச் சின்னம் வாழ்ந்தது. கணக்குக் கொப்பியும் மேலோட்டமாக அதைத்தான் சொல்கிறது.

ஆனால் ஊர்க்காசின் உள்விஷயம் எனக்குத் தெரியும். 100,000 தந்த வெளிநாட்டு அன்பர்களில் ஒருவர், தன் காலம்சென்ற தகப்பனின் படத்தைப் பதாகையில் போடச் சொன்னார். போட்டோம். பிள்ளையாரைவிடத் தகப்பன் பெரிதாக இருந்தார். அதே அன்பர் தன் அக்காவின் மகனுக்கு அருச்சுனன் வேடம் கேட்டார். பையன் நல்ல பிள்ளை, தாளக்கட்டு மட்டும் காலில் ஏறவில்லை. கோயில் 40,000 தந்தது என்றால் கோயில் வழக்கமும் கூடவே வந்தது. ஊர் ஓரத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு பையன், 16 பேரிலும் நன்றாக ஆடுகிறவன், அவனுக்கு ராசா வேடம் கொடுக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது. அவன் ஆனியில் காவலாளியாக ஆடினான்.

மார்கழியில், அரசாங்க மேடையில், அவனுக்கு ராசா வேடம் கொடுத்தார் அண்ணாவியார். அங்கே கோயில் தலைவர் இல்லை, வெளிநாட்டு மாமா இல்லை. அவன் வரவு, அதாவது பாத்திரம் களத்துக்குள் நுழைகிற முதல் ஆட்டம், ஆடியபோது மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அன்றைக்குத் தோழிகளாக ஆடியவர்கள் என் வகுப்புப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர், ஊர்க்களரியில் அந்த வேடங்களும் ஆண்களுக்குத்தான். 45 நிமிடமும் நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தேன், ஆனால் அந்த வரவை மறக்க மாட்டேன். பொதுக்காசு என்பது யாருடைய தனிக்காசும் இல்லாத காசு. அதனால் மட்டுமே திறக்கிற கதவுகள் உண்டு.

நான்கு வரி

அதே பொதுக்காசு மூடுகிற கதவுக்கும் எங்களிடமே சாட்சி இருக்கிறது. வரப்போகிற பாத்திரத்தை அறிவிக்கிற கட்டியகாரன் பகுதியில் அண்ணாவியார் புதிதாக நான்கு வரி கட்டியிருந்தார். பாண்டவர் காடு போனதைச் சொல்லிவிட்டு, பாய் தலையணையோடு கடற்கரையால் நடந்துபோன ஒரு சனத்தைப் பற்றி. ஊரில் அந்த இடம் வந்தபோது கிழவிகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். நகரத்து மேடைக்குக் கதைச்சுருக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். யாரும் எதையும் தடை செய்யவில்லை. “பெரிய ஆக்கள் வருவினம், அந்த நாலு வரியை எடுத்தால் நல்லம்” என்று ஒருவர் சொன்னார், உத்தரவாக இல்லை, ஆலோசனையாக. அண்ணாவியார் என் முகத்தைப் பார்த்தார். நான், அரச உத்தியோகத்தன், கீழே பார்த்தேன். எடுத்துவிட்டோம்.

திருகோணமலைக்காரருக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. வரலாறும் தொல்லியலும்கூட அரசாங்கக் காசில் நடக்கிற படிப்புகள்தான். கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமைத்துவம் செய்ய 2020 ஆனியில் ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பெரும்பான்மையாக வாழ்கிற மாகாணம். நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இந்துக்களும் பௌத்தர்களும் உரிமை சொல்கிற கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள பெயர்ப்பலகையை ஏன் இரண்டு தரம் வாசிக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பழையதைத் தோண்டக் காசு கொடுப்பவனே எது பழையது என்றும் முடிவு செய்தால், அந்தக் காசு இல்லாமல் இருப்பதே மேல் என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை அறியாமல் இருக்கவில்லை. பிரிட்டனில் 1946இல் கலைக் கழகம் அமைந்தபோது, பொருளியலாளர் கேய்ன்ஸ் மாதிரியானவர்கள் வலியுறுத்தியது இதைத்தான்: காசு அரசாங்கத்தின் காசு, எங்கே போகிறது என்பதை அமைச்சர் தீர்மானிக்கக் கூடாது. கை நீள இடைவெளி. 1952இல் இலங்கையிலும் சட்டம் போட்டுக் கலைக் கழகம் அமைத்தார்கள். அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கிய காலத்தில்தான் கூத்துப் போட்டிகள் நடந்தன, அண்ணாவிமாரைத் தேடிப் போனார்கள், கூத்து நூல்கள் அச்சேறின. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என்று மேடையேறியபோது, படித்தவர்கள் முகம் சுளித்த ஒரு கலைக்குப் புது மரியாதை வந்தது. அவர் முழு இரவுக் கூத்தைச் சுருக்கினார், வட்டக்களரியிலிருந்து முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு மாற்றினார், அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. எங்கள் 45 நிமிடத்துக்கு மூத்த அண்ணன் அதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் மாணவர்களை மாதக்கணக்கில் பழக்கியே மேடையேற்றினார். நமக்கு வந்துசேர்ந்தது சுருக்கம் மட்டும். பழக்கம் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

இடைவெளி என்ற ஏற்பாடும் இரும்புச் சுவர் இல்லை. அமெரிக்காவில் 1965இல் ஒரே சட்டத்தால் கலைக்கு ஒன்றும் மானுடப் படிப்புகளுக்கு ஒன்றுமாக இரண்டு தேசிய நிதியங்கள் அமைந்தன. 2024இல் கலை நிதியத்துக்குக் கிடைத்தது 207 மில்லியன் டொலர், தலைக்குப் பார்த்தால் ஒரு டொலர்கூட இல்லை, சுமார் 60 சதம். அவ்வளவு சிறிய காசையும் 2025 வசந்தகாலத்தில், ஆட்சி மாறிய சில மாதங்களில், ஏற்கெனவே கொடுப்பதாகச் சொன்னவர்களிடமிருந்தே நிறுத்தினார்கள். மானுடப் படிப்பு நிதியத்திடம் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட திட்டங்கள் ஒரேயடியாக உதவியை இழந்தன. எங்கள் 16 குடும்பங்களின் ஐயாயிரத்தை எந்த வெள்ளை மாளிகையாலும் நிறுத்த முடியாது, இது தலைவரின் பக்கம் ஒரு புள்ளி.

வெட்டுமெசினும் மத்தளமும்

அப்படியானால் ஊரே பார்த்துக்கொள்ளட்டுமா? இங்கேதான் நான் தலைவரோடு ஒத்துப்போகவில்லை.

முன்பு ஒரு ஏக்கர் வயல் வெட்டப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் இறங்குவார்கள். இப்போது வெட்டுமெசின் வந்தால் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். வடமோடிக் கூத்துக்கு இன்றைக்கும் அதே 16 பேர், அதே 36 இரவு. அருச்சுனனை வேகமாகப் பழக்க மெசின் இல்லை. மற்றத் தொழில்களில் உழைப்பு விளைச்சல் கூடக்கூடக் கூலி ஏறுகிறது. கூத்தில் விளைச்சல் அப்படியே நிற்க, கூலி மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறுகிறது. 1966இல் பௌமோல், போவென் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் மேல்நாட்டு வாத்தியக் குழுக்களின் கணக்கைப் பார்த்து இதையே சொன்னார்கள். ஊர் விருப்பம் குறையாவிட்டாலும் ஊர்க்காசு ஒரு நாள் போதாமல் போகும் என்பதுதான் அதன் பொருள். எங்களுக்கு அந்த நாள் சீக்கிரமே வந்தது. ஆனியில் ஆடிய 16 பேரில் ஏழு பேர் அடுத்த இரண்டு வருடத்துக்குள் வெளிநாடு போய்விட்டார்கள். கிருஷ்ணன் இப்போது கட்டாரில் குளிரூட்டி பூட்டுகிறான். மீண்டும் ஏழு பேரை முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள், ஏனென்றால் அதில் பதாகை கட்ட இடமில்லை.

கணக்குக் கொப்பியை மறுபடி பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். ஊர்க்காசாக இருந்தாலும் அரசாங்கக் காசாக இருந்தாலும், காசு கடைசி இரவுக்குத்தான் ஆசைப்படுகிறது. வெளிச்சம், ஒலிபெருக்கி, படம், பெயர். கொப்பி திருத்துவது, மத்தளத் தோல் மாற்றுவது, ஒரு கிழவர் இரவிரவாகப் பையன்களின் காலைப் பிடித்துத் திருத்துவது, இவற்றுக்கு ஆள் இல்லை. தனியார் செய்ய மாட்டாத, ஆனால் செய்யாவிட்டால் முழுவதும் விழுந்துபோகிற வேலைக்குத்தான் அரசாங்கம் இருக்கிறது. வான்கட்டும் அப்படிப்பட்ட வேலைதான் என்று தலைவரிடம் சொன்னேன். குளத்துக்குத் திறப்பு விழா வைக்கிற காசை வான்கட்டில் போடு என்கிறீர், நானும் அதையேதான் கேட்கிறேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டாரா தெரியாது.

நம் இலக்கிய வரலாற்றில் அரசாங்கம் நல்லபடி செய்த உதவி எல்லாமே இப்படித் தெரியாமல் செய்ததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். அவருக்கு நாவல் எழுத யாரும் நிதி ஒதுக்கவில்லை, சுவடிகளுக்கும் புத்தகங்களுக்கும் நடுவில் உட்காரச் சம்பளம் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து மூதூர் வ. அ. இராசரத்தினம் பள்ளிக்கூட ஆசிரியர். சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கியவர், ஆனால் கதை எழுத அவருக்கு நேரம் கொடுத்தது பரிசு இல்லை, மாதச் சம்பளம். விபுலாநந்த அடிகள் யாழ் நூலுக்குச் சுமார் 14 வருடம் உழைத்தார். 1947இல் அதை வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அந்த வருடங்களுக்குள் இராமகிருஷ்ண மிஷனும் இருக்கிறது, 1943இல் கிடைத்த இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியும் இருக்கிறது. 1945இல் வந்த இலவசக் கல்வியை விடப் பெரிய கலை மானியம் இந்த நாட்டில் கொடுக்கப்படவே இல்லை. நடன ஆசிரியர், சங்கீத ஆசிரியர், நான் உட்பட, அதன் கிளைகள். கொப்பியின் ஊறிய பக்கங்களை எழுதிய பிள்ளை அந்தக் கிளையில் காய்த்த காய்.

60 வயது தாண்டிய கலைஞர்களுக்குக் கலாபூஷணம் விருது கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் 40 வருடம் பழக்கியதற்கு ஒரு நாள் மாலை போடுவதை விட, 41ஆவது வருடம் பழக்க வழி செய்வது மலிவு.

வளவாளர்

2024 முடிவில் அந்த இளம் உத்தியோகத்தர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “சேர், நான் ஒரு வழி பார்த்திருக்கிறன். கூத்து எண்டு போட்டால்தான் பில் கேப்பினம். ‘இளைஞர்களுக்கான பாரம்பரியக் கலைப் பயிற்சிப் பட்டறை’ எண்டு போடுவம். பட்டறைக்கு வளவாளர் கொடுப்பனவு இருக்கு, மணித்தியாலக் கணக்கு. கையொப்பம் வைச்சால் காணும், பில் தேவையில்லை.”

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு வருடமாகக் கொள்கை, இடைவெளி, கேய்ன்ஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சுற்றறிக்கையை ஒழுங்காக வாசித்திருந்தார்.

சும்மா நடக்கவில்லை. வளவாளருக்கு என்ன கல்வித் தகைமை என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அண்ணாவியார் ஐந்தாம் வகுப்பு. ‘40 வருட அனுபவம்’ என்று எழுதினோம், ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், பிரதேச மட்டத்தில் ஒரு உறுதிப்படுத்தல் கடிதம் வைத்தோம், இரண்டாம் முறை போனது. ஆறு நாள் பட்டறைக்குத்தான் காசு. எங்களுக்கு வேண்டியது 36 இரவு, ஆறில் ஒரு பங்கு. மிச்சத்துக்கு மறுபடி வீடு வீடாக. கதைச்சுருக்கம் கேட்கவில்லை, பட்டறைக்குக் கதை இல்லைதானே. நான்கு வரிகளும் திரும்பக் கொப்பிக்குள் வந்தன. முக்கியமாக, ஒதுக்கீடு இந்த முறை பங்குனியில் கிடைத்தது. முந்திய வருடமே விண்ணப்பித்து, வருடத்தின் முதல் காசில் பிடித்துக்கொண்டோம். ஊர் ஓரத்துப் பையனும் வந்தான், ஏழு புதியவர்களில் நான்கு பேருக்குக் காலடி அவன்தான் காட்டினான்.

முதல் நாள் கையொப்பத் தாளைக் கொண்டுபோய் அண்ணாவியாரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“வ-ள-வா-ள-ர். இது என்ன தம்பி? வளவுக்காரனோ?”

“இல்லை அண்ணாவியார், பழக்கிறவர் எண்டு அருத்தம்.”

“வளவை மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்து இருவது வருசமாச்சு. நான் இருக்கிறதே அவளின்ர வளவில. என்னட்டக் கிடக்கிறது இந்தக் கொப்பி மட்டும்தான்.”

பேனையை வாங்கி, திகதி போட வேண்டிய கட்டத்தில் கையொப்பம் வைத்துவிட்டு, மத்தளத்தை மடியில் எடுத்து வைத்தார்.